நெருக்கடி நேரத்தில் பக்கத்தில் உட்காருபவர்

கேள்வி: அமெரிக்க மனநல நெருக்கடி மையங்களில், மனநோயிலிருந்து மீண்டவர்களையே வேலைக்கு வைக்கிறார்களாமே? அவர்கள் என்ன செய்வார்கள்?

பதில்: 'பியர் ஸ்பெஷலிஸ்ட்' (peer specialist, அதே அனுபவம் உள்ள துணைவர்) என்பது பதவிப் பெயர். 1999-இல் ஜார்ஜியா மாநிலம்தான் இப்பணிக்கு மெடிக்கெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கட்டணம் பெற முதலில் வழிசெய்தது. 2007-இல் மத்திய அரசு மற்ற மாநிலங்களுக்கு வைத்த நிபந்தனைகளில் பயிற்சி, சான்றிதழ், மேற்பார்வை மூன்றும் உண்டு.

நோயைக் கண்டறிவதும் மருந்து சொல்வதும் இவர் வேலையல்ல. வந்தவருக்கு எதிரே உட்காராமல், வாசலையும் மறிக்காமல், பக்கவாட்டில் அமர்வார். "தண்ணீர் வேணுமா? யாருக்காவது போன் பண்ணணுமா?" என்பதே தொடக்கம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. சொந்தக் கதை இரண்டு மூன்று வாக்கியம் போதும், அதுவும் மீண்ட விதம் மட்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: கதை நீண்டால், வந்தவரே இவரைத் தேற்ற வேண்டியதாகிவிடும்! "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்றும் வாக்குக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் குழுவிடம் சொல்வேன் என்பதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: தற்கொலை எண்ணம் உள்ளவரோடு சேர்ந்து எழுதும் பாதுகாப்புத் திட்டம் என்றால் என்ன?

பதில்: ஒரே தாளில் ஆறு படிகள்: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, மனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் மற்றும் 988 எண் (அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்), வீட்டிலுள்ள ஆபத்தான பொருட்களை அகற்றுதல். வந்தவரின் சொற்களிலேயே எழுத வேண்டும். பலர் கடைசிப் படியை அவசரமாக முடிக்கிறார்கள். துப்பாக்கியை, மாத்திரையை யார் எடுத்து வைப்பார், எப்போது என்பதுவரை அதில் இருக்க வேண்டும்.