மலையடிவாரத் தோப்பு வேலைக்கு ஏடிவி (பைக் மாதிரி ஹேண்டில்பாரும் நான்கு அகல டயரும் உள்ள வண்டி) வாங்கப் போகிறேன். பின்பக்கம் சாலிட் ஆக்சில் உள்ளதா, இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் உள்ளதா, எதை எடுப்பது? ரோட்டில் ஓட்டலாமா?

ஏற்கெனவே பதில் போட்டவர்கள் எல்லாரும் "இன்டிபென்டன்ட்தான் நவீனம், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு என்னால் பேசாமல் போக முடியவில்லை. சுமை இழுக்கத்தான் வண்டி என்றால் சாலிட் ஆக்சில் எடுங்கள்.

வேலூர் மாவட்டம், மாந்தோப்பு, சரிவு நிலம் என்பதோடு இட விவரத்தை நிறுத்திவிட்டீர்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் கொல்லையும் அங்கேதான். மேலே ஜவ்வாது மலை, கீழே கல்லுங்கரடு, நடுவில் மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை. காய் பறிக்கும் நாளில் குட்டியானை நிற்கும் இடம் வரை கிரேட்டைத் தலையில் சுமக்க ஆள் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் நீங்களும் இந்த வண்டியைப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் சவூதியில் அல்-கஸீம் பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் மெக்கானிக்காக இருந்தவன். அங்கே இரண்டு வகையும் இருந்தன, ஒரே கம்பெனி, ஒரே சிசி. சாலிட் ஆக்சில் என்பது மாட்டுவண்டி அச்சு மாதிரி. இரண்டு பின்சக்கரமும் ஒரே தண்டில் இருக்கும், ஒரு பக்கம் கல்லில் ஏறினால் மறுபக்கமும் சாயும். இன்டிபென்டன்டில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். உட்கார்ந்து ஓட்டுபவனுக்கு இடுப்பு வலிக்கும். அதனால் எல்லாருக்கும் இன்டிபென்டன்ட் வண்டியின் மேல்தான் ஆசை. அறுவடை தொடங்கியபோது சூப்பர்வைசர் டிரெய்லரை அதில்தான் மாட்டச் சொன்னார். "சேட்டா, சுமை ஏறினால் இது பின்னால் உட்காரும், அடியில் இருக்கும் ரப்பர் பூட் கீழே கிடக்கிற மட்டையில் உரசும்" என்றேன். "நீ ரிப்பேரைப் பாரு, ஓட்டுறதை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்.

நான் சொன்னதுதான் நடந்தது. இன்டிபென்டன்டில் கியர் பெட்டி சேசிஸோடு சேர்ந்து தொங்குகிறது. சுமை ஏற ஏற அதுவும் தரையை நோக்கி இறங்கும். சாலிட் ஆக்சிலில் அச்சின் உயரம் டயரைப் பொறுத்தது. டயர் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான், மேலே எத்தனை கிரேட் இருந்தாலும் அச்சு இறங்காது. உட்கார்ந்துபோன அந்த வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மடங்கும் இணைப்பை, அதாவது சிவி ஜாயின்டை, மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டைப் பேரீச்ச மட்டை முள் குத்திக் கிழித்தது. கிரீஸ் வெளியே வந்தது, மாவு மாதிரி மணல் உள்ளே போனது. திரும்பும்போதெல்லாம் டக் டக்கென்று சத்தம். அப்போதும் நிறுத்தவில்லை. நட்ட நடு அறுவடையில் ஜாயின்ட் உடைந்து வண்டி தோட்டத்திலேயே நின்றது. மிச்சக் குலைகளை எல்லாம் இழுத்தது சாலிட் ஆக்சில் வண்டிதான்.

"பூட் கிழிந்தது பராமரிப்புக் குறை, சஸ்பென்ஷனின் குறை இல்லை" என்று யாராவது எழுத வருவார்கள். ஐயா, நம் ஊர்க் கொல்லையில் சீமைக்கருவேல முள் இல்லாத வழி எது? சாலிட் ஆக்சிலில் தண்டு முழுக்க இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது, கிழிய அங்கே ரப்பர் பூட்டே இல்லை. சரிவில் குறுக்காகப் போகும்போதும் அதன் சாய்வு குறைவு. மருந்து டேங்க் வைத்துக்கொண்டு போகிறவருக்கு இது உயிர் விஷயம்.

இன்டிபென்டன்ட் கூடாது என்று நான் சொல்லவில்லை. சுமையில்லாமல் கல்லில் ஏறி இறங்க அதுதான் நல்லது, நடு வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி அதிகம். முதுகில் தண்டுவட்டுப் பிரச்சினை இருந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். ஹோண்டா ரான்ச்சர் 420 இரண்டு விதமாகவும் வருகிறது. அதில் கேரியரில் ஏற்ற அனுமதித்த எடையே முன்னால் 30 கிலோ, பின்னால் 60 கிலோதான். ஆக, செந்தூராவோ பங்கனப்பள்ளியோ, கிரேட் எல்லாம் டிரெய்லரில்தான் போக வேண்டும். பின்னால் ஆளை ஏற்றாதீர்கள், அந்த நீள சீட் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து உட்கார்ந்து எடையைச் சமன் செய்வதற்கு.

ரோட்டில் ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக ஏடிவிக்கு நம் நாட்டில் ரோட்டுப் பதிவு கிடையாது, சொந்த நிலத்துக்குள் மட்டும்தான். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ ரோட்டுப் பதிவு கிடைக்கும்படி டிராக்டர் வகையில் கொண்டுவந்தார்கள், அது இன்டிபென்டன்ட். தார் ரோட்டைத் தாண்டித்தான் தோப்புக்குப் போக வேண்டும் என்றால் அந்தக் கணக்கையும் பாருங்கள்.

ரோடு என்றதும் எனக்கு மனசு ஆறவில்லை. 2023 மே மாதம் இதே அணைக்கட்டுத் தாலுகா அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்தது. திரும்பி வரும்போது ரோடு இல்லையென்று ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட்டது, பெற்ற தாய் உடலைக் கையில் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். சுற்றுலாக்காரர்கள் ஓட்டி விளையாட எங்கெங்கோ இந்த வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மலைக் கிராமத்துக்கு ஒன்று, ஸ்ட்ரெச்சர் வைத்த டிரெய்லரோடு, ரோடு வரும்வரையாவது கொடுக்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று இதை நீக்கச் சொல்ல வேண்டாம், நான் நீக்க மாட்டேன்.

வாங்கப் போகும்போது: பஞ்சர் கடையில் பைக் டயர் மாதிரி 30 பிஎஸ்ஐ காற்று அடித்து வைத்திருப்பார்கள். இந்த டயருக்கு 5 பிஎஸ்ஐ சுற்றித்தான் வேண்டும், சரியான அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் லேபிளிலும் மேனுவலிலும் இருக்கும். குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சாலிட் ஆக்சிலில் பாதி சஸ்பென்ஷன் டயர்தான், காற்றைக் குறைத்துவிட்டு அப்புறம் ஓட்டிப் பாருங்கள். பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. இன்டிபென்டன்ட் வண்டி என்றால் நான்கு பின் பூட்டுகளின் மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்போ கிரீஸ் ஈரமோ தெரிந்தால் புது ஜாயின்ட் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.