280-இல் நிற்கும் எலக்ட்ரோடு

கேள்வி: கிராஃபைட் 75, சிலிகான் தூள் 10, கார்பன் பிளாக் 5, பிவிடிஎஃப் பைண்டர் (துகள்களை ஒட்டிப் பிடிக்கும் பாலிமர்) 10 என்ற எடை விகிதத்தில் லித்தியம்-அயன் பேட்டரிக்கான எலக்ட்ரோடு பூசி, லித்தியம் உலோகத்துக்கு எதிராகக் காயின் செல் (நாணய வடிவச் சோதனை பேட்டரி) செய்தேன். தொடக்கத்தில் எலக்ட்ரோடு கிராமுக்கு 600 மில்லிஆம்பியர்-மணி தந்தது. 30 சைக்கிளில் 280-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: அந்த 280-ஐக் கவனியுங்கள். கிராஃபைட்டின் கொள்ளளவு கிராமுக்கு 372. அதில் 75 சதவீதம் 279. உங்கள் கிராஃபைட் நன்றாகவே இருக்கிறது, சிலிகான்தான் முழுக்க விலகிவிட்டது.

லித்தியம் நிறைந்த சிலிகான் ஏறக்குறைய நான்கு மடங்காக உப்புகிறது. கிராஃபைட் 10 சதவீதம்தான். சிலிகான் சுருங்கும்போது பிவிடிஎஃப் அதை இழுத்துப் பிடிப்பதில்லை. துகள் அங்கேயேதான் கிடக்கும், ஆனால் மின்சாரம் போய்ச் சேர வழியிருக்காது. உறுதி செய்ய, லித்தியம் வெளியேறும் வளைவை 3-வது சைக்கிளுக்கும் 30-வது சைக்கிளுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். கிராஃபைட் பெரும்பாலும் 0.25 வோல்ட்டுக்குள் கொடுத்து முடித்துவிடும். அதற்கு மேல் சாய்வாக ஏறும் பகுதி சிலிகானுடையது. 30-இல் அது காணாமல் போயிருக்கும்.

சரி, பைண்டரை மாற்றுங்கள். சோடியம் சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், தண்ணீரில் கரையும் பைண்டர்) போதும். அதன் கார்பாக்சில் தொகுதிகள் சிலிகான் மேலுள்ள ஆக்சைடுப் படலத்தோடு பிணைகின்றன. சிட்ரிக் அமிலத் தாங்கல் கரைசலால் ஸ்லரியின் (பூசுவதற்கான குழம்பின்) பிஎச்சை 3-க்குக் கொண்டுவந்தால் பிணைப்பு இன்னும் வலுவாகும். இன்னொரு பலனும் உண்டு. காரத்தன்மை ஏறினால் சிலிகான் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும். இரவு முழுக்க இறுக மூடி வைத்திருந்த ஒரு குப்பியை நான் காலையில் திறந்தபோது புஸ்ஸென்று சீறியது. அந்த ஸ்லரியைப் பூசிய செப்புத் தகடெங்கும் ஊசித் துளைகள். ஸ்லரியை அன்றன்றே பூசிவிடுங்கள்.

சிலிகான் துகள் ஏறத்தாழ 150 நானோமீட்டருக்குக் கீழே இருக்கட்டும். பெரிய துகள் முதல் சார்ஜிலேயே விரிசல் விடும். எலக்ட்ரோலைட்டில் 10 சதவீதம் எஃப்இசி (ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட், சிலிகான் மேல் காப்புப் படலம் உருவாக்கும் சேர்க்கைப் பொருள்) சேருங்கள்.

அப்புறம், எதிரில் லித்தியம் தகடு தாராளமாக இருப்பதால் லித்தியம் இழப்பு வெளியே தெரியாது. கூலும் திறன் (ஒரு சைக்கிளில் உள்ளே போன மின்னூட்டத்தில் திரும்பி வரும் பங்கு) 99 சதவீதமாக இருந்தால், லித்தியம் அளவோடு மட்டுமே இருக்கும் முழு செல்லில் 100 சைக்கிளில் மிஞ்சுவது 37 சதவீதம்தான். அடுத்த செல்லில் கொள்ளளவோடு கூலும் திறனையும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் குறித்து வையுங்கள்.