500 வாட் என்று அச்சிட்டிருந்தால் 500 வாட்தானா?

கேள்வி: ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவிலும், திருவிழாக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை மைக் செட்காரர் தரும் இணைப்பில் செருகி வாசித்தே ஒப்பேற்றிவிட்டேன். சொந்தமாக ஒரு காம்போ ஆம்ப்ளிஃபயர் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) வாங்க வேண்டும் என்று திருச்சியில் விசாரித்தேன். ஒரு கடையில் 100 வாட் போதும் என்றார்கள். அடுத்த கடையில் கிட்டத்தட்ட அதே விலைக்கு, அட்டைப்பெட்டியில் 500 வாட் என்று அச்சிட்ட ஒன்றைக் காட்டி, திறந்தவெளி மேடைக்கு இதுதான் தாங்கும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகர், திருவையாறு

பதில்: தம்பி, அதே விலைக்கு ஐந்து மடங்கு வாட் தருகிற அளவுக்கு எந்தக் கடைக்காரரும் வள்ளல் இல்லை. அந்த 500-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பி.எம்.பி.ஓ. என்று இருந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்குக்கூட நிலைக்காத ஓர் உச்சத்தை வைத்து, விற்பவரே தம் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் கணக்கு அது. அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் வாட்) என்றும், எத்தனை ஓமுக்கு (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) அந்த வாட் என்றும் சேர்த்துப் போட்டிருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

ஓம் எதற்கு என்றால், நல்ல நிறுவனப் பொருள்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபெண்டர் ரம்பிள் 500 என்ற காம்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளேயே இருக்கிற இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கர்களுடன் மட்டும் ஓட்டினால் கிடைப்பது 350 வாட். வெளியே இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியை மாட்டி, ஓம் குறைந்தால்தான் 500. இதில் ஏமாற்று இல்லை. விவரக் குறிப்பில் தெளிவாகவே சொல்கிறார்கள். நாம்தான் பெயரைப் படித்துவிட்டுக் குறிப்பைப் படிப்பதில்லை.

இன்னொன்று, வாட் இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது. 100 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் இடையே 3 டெசிபல்தான் வித்தியாசம். காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். ஆகவே வாட்டை விட ஸ்பீக்கரையும் பெட்டியையும் பாருங்கள். திருவையாற்றுக்காரர் நீங்கள், தியாகராஜர் ஆராதனைக்குப் போயிருந்தால், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குக் கனம் ஏறினால்தான் தொனி கீழே இறங்கும். கீழ் ஒலி சும்மா வருவதில்லை. உங்கள் பேஸின் தடித்த ‘இ’ தந்தி ஒலிப்பது சுமார் 41 ஹெர்ட்ஸில். சாதாரண கிட்டாரின் தடித்த தந்தியை விட ஒரு ஸ்தாயி கீழே. ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். எட்டு அங்குல ஸ்பீக்கருக்கு அந்தத் தெம்பு கிடையாது. அது மேல் அதிர்வுகளைக் கொடுத்துச் சமாளிக்கும். அடி ஒலியைக் காது தானாக ஊகித்துக்கொள்ளும். வீட்டில் அது போதும். டிரம்ஸ் வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் கேட்காது.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. மேடையில் காம்போ உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்பதற்காக. வயல்வெளியில் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குச் சத்தத்தைக் கொண்டுபோவது மைக் செட்காரரின் பெட்டிகள். அந்த வேலையைக் காம்போவின் தலையில் கட்டுவதால்தான் வீண் செலவு. ஆகவே, பின்பக்கம் எக்ஸ்.எல்.ஆர். அவுட் (மைக் செட்காரரின் கம்பியை நேரே செருகும் துளை) இருக்கிற, ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட, நாணயமான 100 வாட் காம்போ உங்கள் இரண்டு வேலைக்கும் போதும். அந்த எக்ஸ்.எல்.ஆர். துளை இல்லாவிட்டால் எத்தனை வாட் இருந்தாலும் வேண்டாம். மைக் செட்காரர் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கைச் சாய்த்து வைப்பார். அதில் உங்கள் பேஸோடு தவிலும் பட்டாசும் சேர்ந்து போகும்.

கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் மேல் தந்திகளில் படபடவென்று தட்டி அசத்துவார். ரசித்துவிட்டு, நீங்கள் குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்துங்கள். ‘இ’ தந்தியில் விரல் வைக்காமல் மீட்டிக்கொண்டே வால்யூமை முக்கால் வரை ஏற்றுங்கள். பெட்டியில் காற்றுத் துளை இருந்தால் உள்ளங்கையை அதன் எதிரே காட்டுங்கள். காற்று வந்து கையில் மோத வேண்டும். ‘கிர்ர்’ என்று ஆணியோ வலையோ அதிர்ந்தால் அது இன்னும் ஓர் ஆண்டில் இரட்டிக்கும். பிறகு நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பதினைந்து அடி தள்ளி வாசலில் நின்று கேளுங்கள். காலடியில் இருந்து கேட்கும் பேஸ் ஒன்று, தள்ளி நின்று கேட்கும் பேஸ் வேறொன்று.

நானும் இதில் சூடுபட்டவன்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் திருவிழா. பெரிய வாட் எண்ணைப் பார்த்து வாங்கிய காம்போவை முழு வால்யூமில் வைத்து இரண்டாவது பாட்டு முடியவில்லை, சூடேறி அணைந்துவிட்டது. பின்பக்கத் தகட்டில் தோசை வார்த்திருக்கலாம். வாங்கிய கடையில், அவ்வளவு சத்தம் வைக்கக் கூடாது என்றார்கள்.

எடையையும் கேளுங்கள். பத்துக் கிலோவுக்குள் இருந்தால் டவுன் பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டு போகலாம்; இருபதைத் தாண்டினால் குழுவோடு குட்டியானையில் ஏறினால்தான் உண்டு. பலகை மேடையில் காம்போவைத் தரையோடு வைக்காதீர்கள், பலகையும் சேர்ந்து குமுறும். ஒரு மர நாற்காலியில் ஏற்றினால் ஒலி தெளியும், உங்கள் காதுக்கும் எட்டும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். வீட்டில் மகனுடைய சிறிய கிட்டார் ஆம்ப் இருக்கிறது. அதிலேயே வாசிக்கலாமா? அல்லது சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியிடம் சொல்லி பேஸ் ஆம்ப் வாங்கி வரச் சொல்லலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, மெதுவான சத்தத்தில் தாராளமாக வாசிக்கலாம். வால்யூமைக் கூட்டினால் அந்தச் சிறிய ஸ்பீக்கர் கிழியும். மகனுக்கும் மகளுக்கும் சண்டை வரும். வாங்குவதென்றால் 25 முதல் 40 வாட், ஹெட்ஃபோன் துளை உள்ளதாகப் பாருங்கள். இரவு பத்து மணிக்குத் தெருவே நன்றி சொல்லும்.

சிங்கப்பூரிலும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். பிளக் மட்டும் வேறு. கழற்றக்கூடிய மின்கம்பி என்றால் இங்கே ஒன்று வாங்கி மாற்றிவிடலாம். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருவதாக இருந்தால்தான் வோல்ட் சிக்கல். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதைத் தம்பி பில் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கட்டும். செல்லாது என்றால் திருச்சியிலேயே வாங்குவது உத்தமம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பேஸ் காம்போ நான்கே மாதத்தில் ஊமையாகிவிட்டது. ஜெனரேட்டரில் ஓட்டியதால் உத்தரவாதம் இல்லை என்கிறார் விற்றவர். அட்டையில் அப்படி எதுவும் எழுதவில்லை. ஓட்டும்போது ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் இருந்தது. பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடைசியிலிருந்து தொடங்குகிறேன். எர்த் பின்னைத் தொடாதீர்கள். இரைச்சல் போகலாம், ஆம்பில் கசிவு இருந்தால், ஒரு கையில் கிட்டார் தந்தியும் உதட்டில் மைக்கும் இருக்கிற நேரத்தில் உங்கள் உயிரும் போகலாம். பின்பக்கம் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள், அது வேறு வேலை, எக்ஸ்.எல்.ஆர். வழியாக வரும் இரைச்சலை மட்டும் துண்டிக்கும்.

உத்தரவாத அட்டையில் இல்லாத நிபந்தனையை விற்றவர் இப்போது வாயால் சேர்க்க முடியாது. முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலன் இல்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

பில், உத்தரவாத அட்டை, அவர் மறுத்து அனுப்பிய செய்தி மூன்றையும் படியெடுத்து வையுங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் ‘ஒரு நிமிடம் திறந்து பார்க்கிறேன்’ என்பார். ஸ்க்ரூ மேல் ஒட்டிய சீல் கிழிந்தால் அடுத்த சாக்கு அதுவாகத்தான் இருக்கும். அவரைத் தொட விடாதீர்கள்.