நார்ஸ் வீரர்கள் எத்தகைய அரசனை நல்ல அரசன் என்று கருதினார்கள்?

வைக்கிங் காலத்து (சுமார் 8 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) ஸ்காண்டிநேவியாவில், அதாவது நார்ஸ் மக்கள் வாழ்ந்த இன்றைய நார்வே, சுவீடன், டென்மார்க் பகுதியில், அரசனுக்கு உறுதிமொழி அளித்து, அவன் கூடத்தில் உண்டு, அவனுக்காகப் போரிட்ட படை ‘ஹிர்த்’ எனப்பட்டது. அவ்வீரர்கள் துணிச்சலுக்கு இணையாக எதிர்பார்த்த குணம் கொடை. மாதச் சம்பளம் என்ற ஏற்பாடே இல்லாத அக்காலத்தில், அரசன் பகிர்ந்தளித்த வாளும் விருந்தும் வெள்ளிக் காப்பும்தான் அவர்களை அவனுடன் பிணைத்தன. காப்பைத் துண்டாக வெட்டி, எடைபோட்டுப் பணமாகவே செலவிடலாம் என்பதால் அது வெறும் அணிகலன் அன்று. பிடித்த மீனில் பங்கு தராத படகுக்காரரிடம் அடுத்த முறை ஆட்கள் ஏறாததைப் போல, கஞ்சனான அரசனை விட்டு வீரர்கள் விலகினார்கள். ஸ்கால்டு எனப்பட்ட அவைப் புலவர்கள் வெற்றியோடு ஈகையையும் சேர்த்தே பாடியது இதற்கு வலுவான சான்று என்பது என் கருத்து.

அரசன் சொன்னதே சட்டம் என்று பலர் எண்ணுவது தவறு: ‘திங்’ என்ற பேரவையில் சுதந்திர மனிதர்கள் ஏற்றால்தான் அவனது ஆட்சி நிலைத்தது. 10-ஆம் நூற்றாண்டில் நார்வேயை ஆண்ட, ‘நல்லவர்’ என்றே பெயர் பெற்ற ஹாகோனால்கூடத் தம் கிறித்தவ சமயத்தை அவர்களை ஏற்கவைக்க முடியவில்லை.