மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகுமா?

கேள்வி: பேத்திக்குத் திருப்பதியில் மொட்டை போட்டோம். இனி முடி அடர்த்தியாக வளருமா?
– வாசகி, திருத்தணி

பதில்: பள்ளிப்பட்டில் என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார், அம்மா. ஆனால் கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் எடுக்கிறது. முடியை வளர்க்கும் ஸ்டெம் செல்கள் (புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள்) உள்ளே, புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்துகிற குட்டித் தசை ஒட்டியிருக்கும் இடத்தில், பெரும்பாலும் உறங்கிக்கிடக்கின்றன. கத்தி அவற்றைத் தொடுவதே இல்லை, அதனால் அடர்த்தி கூடாது. நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் எலைன் ஃபியூக்ஸ் குழு, எலித் தோலில் மெதுவாக இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும் அந்தச் செல்களை மட்டும் ஒளிரவைத்து, 2004இல் பிரித்தெடுத்தது. நான் வியந்து படித்த ஆராய்ச்சி! தோலில் காயம் பட்டால் இவையே மேலேறி வந்து ஆற்றவும் உதவுகின்றன. அப்புறம், புதுமுடி தடித்ததுபோலத் தெரிவது, வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால்தான். மாதம் சுமார் 1 செ.மீ. வளரும், அவசரப்பட்டு எதையும் தடவாதீர்கள்.