பதில்: பழ வாசனை தெரியாமல் நான்கு மாதம், நரம்பு திரும்ப வளருமா?

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி நடத்துவதாகவும், சளிக் காய்ச்சலோடு போன மோப்பம் நான்கு மாதமாகத் திரும்பவில்லை என்றும், இப்போது பழுத்த பெங்களூரா மாம்பழத்தில் கருகல் நாற்றம் வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். "செத்த நரம்பு முளைக்காது" என்று உறவினர் சொன்னது மூளையின் பெரும்பகுதிக்குப் பொருந்தும். மூக்குக்குப் பொருந்தாது.

சுண்டெலிகளில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். மூக்கின் உள்ளே மேலே இருக்கும் மோப்பச் சவ்வின் அடியில் இரண்டு வகை மூலச் செல்கள் இருக்கின்றன. ஒன்று, தேய்ந்துபோகும் நரம்புச் செல்களுக்குப் பதில் புதியவற்றை ஆயுள் முழுக்க உண்டாக்கிக்கொண்டிருக்கும். மற்றது எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் விதைக்கென்று கட்டிவைக்கும் கேழ்வரகு மாதிரி. பெரிய சேதம் வந்தால்தான் வெளியே வரும். மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் சவ்வு சிதைந்த எலிக்கும் சில வாரங்களில் அது மீண்டும் வளர்ந்துவிடுகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். புதுச் செல்லின் இழை மூக்குக்கு மேலே உள்ள எலும்புச் சல்லடையின் துளை வழியாக மூளைக்கு ஏறி, தன் ஏற்பிக்குரிய (வாசனையைப் பிடிக்கும் புரதத்துக்குரிய) நரம்பு முடிச்சைத் தேடிப் பிடிக்க வேண்டும். எலிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏற்பி வகைகள், நமக்குச் சுமார் 400. பெரிய சேதத்துக்குப் பின் எலிகளிலேயே இழைகள் முடிச்சு மாறிச் சேர்கின்றன. உங்கள் கருகல் நாற்றத்துக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். நானாக இருந்தால் அதைக் கெட்ட அறிகுறியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலை மாலை சில நொடிகள் முகருங்கள். குறைந்தது 12 வாரம். 2009-இல் ஜெர்மனியில் சோதித்த முறை இது. காது மூக்கு தொண்டை மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதுவரை காம்பருகே முகர்ந்து தரம் பிரிக்கும் வேலை வேறொருவரிடம் இருக்கட்டும். கேஸ் கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாது, இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள்.