மழைக்காலத்தில் திறக்க மறுக்கும் ஓபினெல்

வணக்கம். உங்கள் எட்டாம் எண் அளவு ஓபினெல் மடக்குக் கத்தியின் அலகு மாங்காய் நறுக்கியதில் கருத்துவிட்டது, மழை தொடங்கியதும் திறக்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கத்தி நன்றாகத்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பிடி பீச் மரம். ஈரத்தை உறிஞ்சி ஊதி, அலகைக் கவ்விக்கொள்கிறது. நகத்தால் இழுத்துப் போராட வேண்டாம். பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசையில் தட்டுங்கள். அலகு சற்று வெளியே வரும். 1890 முதல் இந்தக் கத்தி பிறந்துவரும் பிரான்சின் சவோய் பகுதிக்காரர்களின் பழைய வழி இது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட! அப்புறம் விரித்தபடியே நிழலில் சில நாள் காயவிட்டு, பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகப் பூசி உலரவிடுங்கள். அதன் பிறகும் இறுகினால், பிடியில் அலகு மடங்கும் பிளவின் உள்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம்.

கருமையைத் தேய்த்து எடுக்காதீர்கள். கார்பன் எஃகில் புளிப்பு பட்டால் வரும் படலம் அது. துருவை ஓரளவு தடுக்கும். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. வெட்டி முடித்ததும் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தண்ணீரில் ஊறப்போடவே கூடாது.